பாட்டியும் பேரனும் ஒரே வீட்டில்: பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

மாமியாருக்கு 74 வயது, பையன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான், சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீடு, எதை முதலில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், பகலில் பாட்டியும் பேரனும் மட்டும், அல்லது கூட ஒரு பணிப்பெண் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நாலு தலைமுறை. 79 வயது அம்மா, நான், என் மகனும் மருமகளும், அவர்களுடைய இரண்டு வயதுப் பெண். ஜூரோங் வெஸ்ட்டில் பழைய ஐந்தறை வீடு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

குளியலறைக் கதவிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடி, வழுக்காத தரை என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் உங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

எங்கள் கதவு அப்படித்தான் இருந்தது. தீபாவளி அன்று அதிகாலையில் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். சீயக்காய் போட்டு அலசினாலும் தரையில் எண்ணெய்ப் பசை போகாது, அது உங்களுக்கே தெரியும். தடாலென்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால் ஒரு சாண்தான் திறந்தது. அம்மா கதவோடு ஒட்டி விழுந்து கிடந்தார். தள்ளத் தள்ள அவர் இடுப்பில்தான் இடித்தது. உள்ளேயிருந்து "தள்ளாதடி, தள்ளாதடி" என்று குரல். மகன் தோளைக் கொடுத்துத் தள்ளப் பார்த்தான், நான் பிடித்து நிறுத்தினேன். கதவைக் கழற்றலாம் என்றால் கீலின் திருகாணிகள் எல்லாம் உள்பக்கம். மருமகள் அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு நினைவு இருந்ததால், கழிவறைத் தொட்டியின் அடியைக் காலால் உந்தி உந்திக் கொஞ்சம் நகர்ந்தார். அந்த இடுக்கு வழியாக மருமகள்தான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. நினைவில்லாமல் கிடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பது இன்றைக்கும் இரவில் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

இப்போது மடக்குக் கதவு. வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினாலே தாழ் திறந்துவிடும். குழந்தை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாலும் அதே தாழ்தான் காப்பாற்றும்.

கைப்பிடிகளுக்கு வீவகவின் 'ஈஸ்' (EASE) திட்டம் இருக்கிறது, முதியோர் இருக்கும் வீட்டில் இந்த மாதிரி வசதிகளைப் பொருத்த உதவும் திட்டம். 2012ல் தொடங்கியது. 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் வசதிகளோடு வருகிறது: மடக்கு இருக்கை, அகலமான கழிவறை வாசல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், வீட்டின் அளவைப் பொறுத்து 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசே கொடுக்கிறது. "வசதி இருக்கிறவள், பேசுகிறாள்" என்று யாரும் எழுத வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் நம்பாதீர்கள், உடம்பின் முழு எடையை அது தாங்காது. துண்டு காயப்போடும் கம்பியும் அப்படித்தான்.

மருத்துவமனையிலிருந்து அம்மா வந்தபின் செயல்முறைச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்) ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அம்மாவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார். கைப்பிடி அந்தக் கோட்டில்தான் வந்தது. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வேறு எங்கே போனாலும் அம்மாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு என்னிடம்தான் பேசுகிறார்கள். "பாட்டி சாப்பிட்டாங்களா? பாட்டிக்கு வலிக்குதா?" கல்யாண வீட்டில் பந்தியில்கூட இப்படித்தான். அம்மா தமிழாசிரியராக இருந்தவர், காது நன்றாகக் கேட்கும். அவரிடமே கேட்டால் என்ன? கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பல தலைமுறை இருக்கும் வீட்டில் பெரிய சிக்கல், குழந்தைக்குப் பாதுகாப்பான பொருள் பெரியவரை விழவைக்கும் என்பதுதான். அடுப்படி வாசலில் குழந்தை போகாமல் இருக்க மகன் ஒரு தடுப்புக் கதவு வாங்கி மாட்டினான். அதன் அடியில் ஒரு குறுக்குக் கம்பி. கையில் சூடான காப்பி டம்ளரோடு அம்மா அதைத் தாண்டி வருவதைப் பார்த்த அன்றே கழற்றச் சொன்னேன். பதிலுக்கு அடுப்பின் குமிழ்களுக்கு மூடி போட்டோம், கத்தியும் தீப்பெட்டியும் மேலே போயின. குழந்தை விழுந்தால் அடிபடக்கூடாது என்று விரிக்கும் நுரைப்பாயும் அப்படித்தான். அதன் ஓரம் மேலெழும்பி நிற்கும், காலை இழுத்து நடப்பவருக்கு அது போதும். எங்கள் வீட்டில் பாய் ஒரு மூலையில் மட்டும். அம்மா நடக்கும் வழியில் கிடையாது.

மாத்திரைக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். பலதுறை மருந்தகத்தில் கொடுக்கும் மாத்திரையைக் குழந்தை திறக்க முடியாத புட்டியில் வைக்கலாம். ஆனால் மூட்டுவலிக் கைகளாலும் அதைத் திறக்க முடியாது. உடனே மாத்திரைகள் பழைய பிஸ்கட் டப்பாவுக்கு வந்துவிடும், டப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சில வகை நீரிழிவு மாத்திரைகளில் ஒன்றை விழுங்கினாலே சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நாங்கள் அம்மாவின் தோள் உயரத்தில் சுவரில் ஒரு சின்னப் பூட்டு அலமாரி அடித்தோம். சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. என்னிடம் இல்லை, வேண்டுமென்றேதான்.

சன்னலைப் பற்றிச் சுருக்கமாக. கம்பி இல்லாத சன்னல் எதுவும் கூடாது, கம்பிகளுக்கிடையே 10 செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளியும் கூடாது. சன்னலடியில் கட்டிலோ சோபாவோ போடாதீர்கள். கம்பிக்கதவின் சாவி தீ பிடித்தால் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பழைய வீடு என்றால், வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ஆணிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்ற வேண்டும் என்பது 2004லிருந்து சட்டம்.

புகை எச்சரிக்கைக் கருவி 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்குக் கட்டாயம். எங்களுடையதைப் போன்ற பழைய வீட்டுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் வாங்கி மாட்டுங்கள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அலறும், யாராவது மின்கலத்தைக் கழற்றிவிடுவார்கள், அப்புறம் அது சுவரில் சும்மா தொங்கும். மின்சைக்கிள் இருந்தால் வாசற்கதவை ஒட்டிச் சார்ஜ் போடக் கூடாது. நம் வீடுகளுக்கு வெளியே போக அந்த ஒரு வழிதான் உண்டு.

"இவ்வளவு எதற்கு, வீட்டை மருத்துவமனை ஆக்கிவிட்டாய்" என்று எங்கள் சொந்தத்திலேயே சொன்னார்கள். நீங்களும் கேட்பீர்கள். நான் மருத்துவர் இல்லை, வீட்டுவேலை ஒப்பந்தக்காரரும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் யார் கையையும் பிடிக்காமல் தானே குளித்துவிட்டு வருகிறார். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஈஸ் திட்டத்துக்கு வீவக இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேலையாட்கள் அளவெடுக்க வரும் நாளில் நீங்கள் விடுப்பு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மாமியார் கட்டாயம் வீட்டில் இருக்கும்படி நேரம் வாங்குங்கள். கை எட்டும் இடத்தை அவர்தான் காட்ட வேண்டும்.