லைபேஸ் 96 என்றால் கணையக் கோளாறா?

கேள்வி: வயது 46. மூன்று வாரமாக மேல்வயிற்றில் மந்தமான வலி. கணைய நொதியான லைபேஸ் 96 (இயல்பு 60 வரை), இன்னொரு நொதியான அமைலேஸ் இயல்பு, புற்றுநோய்க் குறியீடான சிஏ 19-9 அளவு 41. ஸ்கேனில் 'வாயுவால் கணையத்தின் வால்பகுதி தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: முதலில் அந்த ஸ்கேன் வரி. கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது. அல்ட்ராசவுண்ட் அலை காற்றைத் தாண்டிப் போகாது. குடலில் வாயு நிறைந்திருந்தால் வால்பகுதி மறைந்துவிடும். அங்கே கோளாறு என்றும் அர்த்தமில்லை, நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து லைபேஸ். திடீர்க் கணைய அழற்சி என்று சொல்ல மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: அதற்கே உரிய கடும் மேல்வயிற்று வலி, இயல்பின் உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் நொதி, ஸ்கேனில் வீக்கம். உங்கள் ஆய்வகக் கணக்கில் மூன்று மடங்கு 180. தொண்ணூற்றாறு அதற்கு வெகு கீழே. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் லைபேஸ் இந்த அளவுக்கு ஏறும்.

ஆனால் ரத்தம் எடுத்த நாளையும் பார்க்க வேண்டும். அழற்சி வந்தால் அமைலேஸ் சில நாளிலேயே இறங்கிவிடும். லைபேஸ் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். பத்து நாள் முன்பு ஒருநாள் வலி தாங்காமல் சுருண்டு படுத்திருந்தீர்களா? அப்படியானால் இதே எண்களுக்குக் கதையே வேறு. மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சிஏ 19-9 பரிசோதனையை இந்தக் கட்டத்தில் எடுத்திருக்கவே வேண்டாம் என்பேன். வழக்கமான எல்லை 37. பித்தநாளம் அடைத்தாலே ஏறிவிடும். சிலருக்குப் பரம்பரையாகவே இது சுரக்காது என்பதால், இயல்பாக வந்தாலும் நிம்மதியடைய முடியாது.

சரி, இனி என்ன? கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), கால்சியம், சர்க்கரை எல்லாவற்றோடும் லைபேஸை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வலி நீடிப்பதாலும் வால்பகுதி தெரியாததாலும், சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் மலத்தில் கணைய நொதியை அளக்கும் எலாஸ்டேஸ் பரிசோதனை உதவும். 200-க்குக் கீழே வந்தால் கணைய நொதி குறைவோ என்று யோசிப்போம். பேதியாகும்போது மாதிரி கொடுக்காதீர்கள், பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கண் மஞ்சளானால், எடை தானாகக் குறைந்தால், புதிதாகச் சர்க்கரை நோய் தெரிந்தால் சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகுவரை துளைக்கும் வலியோடு வாந்தி வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.