ஐரிஸ் இல்லாமல் பிறந்த குழந்தையும் ஈயின் கண் மரபணுவும்

கேள்வி: எங்கள் எட்டு மாத மகளுக்கு இரு கண்களிலும் ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம், ஏறத்தாழ இல்லவே இல்லை. இது அனிரிடியா என்றும், பாக்ஸ்-6 மரபணுவின் கோளாறாக இருக்கும் என்றும் மருத்துவர் சொல்கிறார். ஈயின் கண்ணையும் இதே மரபணுதான் உருவாக்குகிறதாமே? எங்கள் குடும்பங்களில் யாருக்கும் இல்லாதது அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: ஈயைப் பற்றி நீங்கள் அறிந்தது உண்மையே. 1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர், பாக்ஸ்-6 மரபணுவுக்கு இணையான பழ ஈயின் மரபணுவை, காலும் இறக்கையும் உணர்கொம்பும் உருவாகவேண்டிய திசுக்களில் இயங்கச் செய்தபோது, அங்கெல்லாம் சிவந்த கூட்டுக்கண்கள் முளைத்தன. சுண்டெலியின் பாக்ஸ்-6 மரபணுவை ஈக்குள் இயக்கியபோதும் கண் முளைத்தது. ஆனால் அது ஈயின் கண்ணே அன்றி எலியின் கண் அன்று. ஏனெனில், இம்மரபணு தரும் புரதம் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு பிற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கிறது. அவ்வாறு முடுக்கப்படும் மரபணுக்களோ அந்தந்த விலங்குக்கே உரியவை. கண் உருவாகத் துணைக்கு வேறு சில மரபணுக்களும் வேண்டியிருப்பதால், கண்ணின் 'தலைமை மரபணு' என்று இதற்குத் தரப்படும் பட்டம் சற்று மிகை என்பதே என் கருத்து.

நம் உடலில் பாக்ஸ்-6, 11-ஆம் குரோமோசோம் இணையில் ஒன்றுக்கு ஒன்றாக இரு பிரதிகளாக உள்ளது. நொதிகளைத் தரும் மரபணுக்கள் பலவற்றில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். பாக்ஸ்-6 விஷயத்தில் புரதத்தின் அளவே கணக்கு என்பதால், அது பாதியாகக் குறைந்தாலே ஐரிஸும், கூர்மையான பார்வைக்குரிய விழித்திரையின் நடுக்குழியும் சரியாக வளர்வதில்லை. இரு பிரதிகளும் பழுதான சுண்டெலிக் குட்டிகள் கண்ணும் மூக்கும் இன்றிப் பிறந்து இறந்துவிடுகின்றன.

அனிரிடியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மரபணுவின் இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றியதே. ஆனாலும் ஐரிஸில் மிக லேசான குறை இருந்தால் வெளியே தெரியாது என்பதால், நீங்கள் இருவரும் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் குறையில்லை என்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு குறைவு. பெற்றோரின் இனச்செல்களில் (விந்தணு, கருமுட்டை) சிலவற்றில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. உங்கள் மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர 50 சதவீத வாய்ப்புண்டு.

இவற்றைவிட அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. பாக்ஸ்-6-க்கு அருகிலேயே டபிள்யூ.டி.-1 என்ற மரபணு இருக்கிறது. குரோமோசோமின் அப்பகுதி துண்டாகவே விடுபட்டிருந்தால், வில்ம்ஸ் கட்டி எனப்படும் சிறுநீரகப் புற்றுநோய் வரும் அபாயம் மிகுதி. மரபணுவின் எழுத்துகளை மட்டும் வாசிக்கும் சோதனையில் இவ்விடுபடல் தப்பிவிடலாம். ஆகவே அதைக் கண்டறியும் சோதனையைத் தனியே கேட்டுச் செய்யுங்கள். டபிள்யூ.டி.-1 விடுபட்டிருப்பது உறுதியானால், குழந்தைக்கு எட்டு வயதாகும் வரையிலாவது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீரக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவை. முடிவு வரும்வரையிலும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கண் அழுத்த நோய் பின்னாளில் வரக்கூடும் என்பதால், கண் அழுத்தத்தை வாழ்நாள் முழுதும் முறையாக அளந்துவர வேண்டும்.