வைத்தாங்கி ஆய்வுக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: என் மகள் திருச்சியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருக்கிறாள். நியூசிலாந்தின் அரசியலமைப்பு, அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களுடன் பிரிட்டன் செய்த வைத்தாங்கி உடன்படிக்கை இதையெல்லாம் ஆராய்ந்து பேராசிரியர் ஆக வேண்டும் என்கிறாள். முதலில் 20 லட்சத்தில் அங்கே ஒரு மாஸ்டர்ஸ், பிறகு தானாக பிஎச்.டி., பிறகு வேலை என்கிறார் கன்சல்டன்சிக்காரர். சட்டம் படிக்காமல் இது முடியுமா? பணம் கட்டலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

நியூசிலாந்தில் பிஎச்.டி. படிக்க வரும் வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க்காரர் கட்டணம்தான். மாஸ்டர்ஸுக்கு அப்படி இல்லை, அதைப்போல் பல மடங்கு. ஆள் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. கட்டணம் பெரிதானால் கமிஷனும் பெரிது. அவர் ஏன் மாஸ்டர்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்பியே பல்கலைக்கழகங்களை ஓடவிட்ட அரசுகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். சரி, அது வேறு கதை.

‘தானாக பிஎச்.டி.’ என்பது பொய். வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, பெயருக்கு ஒரு சின்ன புராஜெக்ட் செய்து வாங்கும் மாஸ்டர்ஸை வைத்து பிஎச்.டி.க்குள் நுழைவது கடினம். அவர்கள் பார்ப்பது சொந்தமாக ஆய்வு செய்து எழுதிய தீசிஸ். ஆகவே முதலில் மகளிடம் கேளுங்கள்: எம்.ஏ.வில் டிசர்டேஷன், அதாவது அப்படியொரு ஆய்வேடு, எழுதினாளா? நம் ஊரில் பல இடங்களில் அதற்குப் பதில் ஒரு விருப்பப் பாடம் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளும் சுலபம் என்று அதையே எடுப்பார்கள். டிசர்டேஷன் எழுதி நல்ல மதிப்பெண்ணும் இருந்தால் நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். எழுதவில்லை, ஆனால் யு.ஜி.சி. 2022-இல் நிறுத்திவிட்ட எம்.ஃபில். கையில் இருக்கிறது என்றாலும் கதவு திறக்கலாம். இரண்டும் இல்லையென்றால்தான் மாஸ்டர்ஸ் பேச்சே வர வேண்டும். அப்போதும் தீசிஸ் உள்ள மாஸ்டர்ஸ். அங்கே முழுநேரப் படிப்பு ஓராண்டுக்கு 120 பாயிண்ட், நம் ஊர் கிரெடிட் மாதிரி. ‘அதில் தீசிஸுக்கு எத்தனை பாயிண்ட்?’ என்று கேட்டுப் பாருங்கள். கன்சல்டன்சிக்காரர் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டப் படிப்பு கட்டாயம் இல்லை. நியூசிலாந்தில் அரசியலமைப்பு என்று ஒரே புத்தகமாக எதுவும் கிடையாது. 1986 அரசியலமைப்புச் சட்டம் அதில் ஒரு பகுதி மட்டுமே. மீதி மரபு, தீர்ப்பு, நாடாளுமன்றச் சட்டங்கள் என்று சிதறிக் கிடக்கிறது. நடுவில் 1840 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான உடன்படிக்கை. அதன் ஆங்கிலப் பிரதி, மாவோரித் தலைவர்கள் இறையாண்மையை பிரிட்டன் அரசிக்குக் கொடுத்ததாகச் சொல்கிறது. மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘காவனதங்கா’. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி வாயில் போட்டு உண்டாக்கியது, ஆளுநரின் நிர்வாகம் என்ற அளவில்தான் பொருள். அடுத்த பிரிவிலேயே தலைவர்களின் அதிகாரம், ‘தினோ ரங்கதிரதங்கா’, அவர்களுக்கே என்று உறுதி தரப்படுகிறது. கையெழுத்திட்ட 500-க்கும் மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் போட்டது மாவோரிப் பிரதியில். அப்படியானால் யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள்? இந்தத் துறை இன்றும் இந்தக் கேள்வியில்தான் உயிர்வாழ்கிறது. ஆகவே மாவோரி மொழி படிக்காமல் இதில் இறங்க வேண்டாம். சட்டப் பட்டத்தைவிட அது முக்கியம்.

விஷயத்துக்குப் பஞ்சமில்லை. உடன்படிக்கையை அரசு மீறியதாக மாவோரிகள் தரும் புகார்களை விசாரிக்க 1975-இல் அமைத்தது வைத்தாங்கி தீர்ப்பாயம். 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு 1985-இல் கிடைத்தது. உடன்படிக்கைக் கோட்பாடுகளைச் சட்டத்தில் புதிதாக வரையறுக்க வந்த மசோதா 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் எதிராக 112, ஆதரவாக 11 ஓட்டு என்று தோற்றது. பஞ்சம் பதவிக்குத்தான். நாட்டில் இருப்பதே எட்டுப் பல்கலைக்கழகங்கள். அரசியல் துறைகள் சிறியவை. ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஓர் இடம், அதையும் சில சமயம் நிரப்ப மாட்டார்கள். போதாததற்கு, அடிப்படை ஆய்வுகளுக்கான மார்ஸ்டன் நிதியில் சமூக அறிவியலுக்கும் வரலாறு, தத்துவம் போன்ற ‘ஹ்யூமானிட்டீஸ்’ துறைகளுக்கும் இனி இடமில்லை என்று 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. தன் நாட்டின் அடிப்படை உடன்படிக்கை பற்றித் தெருவெல்லாம் சண்டை நடக்கும்போதே அதை ஆராய்பவர்களின் பையைக் காலி செய்கிற புத்திசாலித்தனத்தை என்ன சொல்வது!

இன்னொன்று. நம் ஊர்க் கல்லூரியில் முதல் நாள் வகுப்பெடுப்பவரும் ‘புரொபசர்’தான். அங்கே லெக்சரர், சீனியர் லெக்சரர், அசோசியேட் புரொபசர் என்று ஏறி, கடைசியில்தான் புரொபசர். பலர் அந்தப் படியைத் தொடாமலே ஓய்வு பெறுகிறார்கள். பிஎச்.டி. முடிந்ததும் பெரும்பாலும் கிடைப்பது செமஸ்டர் கணக்கில் டியூட்டர் வேலை.

இத்தனைக்குப் பிறகும் மகள் உறுதியாக இருந்தால், தன் ஆய்வுக் கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதி, அந்தத் துறையில் வழிகாட்டக்கூடிய ஆசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பட்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. மின்னஞ்சலை அவளே எழுதட்டும். அப்பாக்கள் எழுதும் மின்னஞ்சல்கள் எனக்கும் வருகின்றன. படித்த உடனே தெரிந்துவிடும்.