வழக்கறிஞராக இருந்து ராஜதந்திரியானவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

நார்வேக்காரர் யென்ஸ் எவன்சன். ஐ.நா.வின் முதல் பொதுச்செயலாளர் டிரிக்வே லீயும் நார்வே வழக்கறிஞர்தான். அவரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள், நான் இவரைச் சொல்கிறேன்.

1917-இல் பிறந்தவர். மீன்பிடி எல்லை தொடர்பாக ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் பிரிட்டன் தொடுத்த வழக்கில் நார்வே தரப்புக் குழுவில் இருந்தார். 1951-இல் நார்வே ஜெயித்தது. பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவுக்கே தலைவரானார்.

1962-இல் அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனம் ஒரு கடிதம் போட்டது. மாதம் 1,60,000 டாலர் தருகிறோம், உங்கள் கடலில் எண்ணெய் தேடும் உரிமையை எங்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று. நார்வே மசியவில்லை. மறு ஆண்டே கடலடி நிலம் தனக்குச் சொந்தம் என்று அறிவித்தது.

சரி, எதுவரை சொந்தம்? நார்வேயின் தெற்குக் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் பெரிய பள்ளம் ஒன்று ஓடுகிறது. பல இடங்களில் 300 மீட்டருக்கு மேல் ஆழம். 1958 ஜெனீவா ஒப்பந்தமோ, 200 மீட்டர் ஆழம் வரை, அதற்கு மேல் தோண்டி எடுக்க முடிந்தால் அதுவரை என்றது. 'உங்கள் பங்கு பள்ளத்தோடு சரி' என்று பிரிட்டன் அடித்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த நாட்டுக்கும் எண்ணெய் தேட உரிமங்கள் கொடுக்கும் அவசரம். 1965 மார்ச்சில் பிரிட்டன், டிசம்பரில் டென்மார்க், இருவருமே எவன்சன் கேட்டபடி, இரு கரைகளுக்கும் சம தூரத்தில் போகும் நடுக்கோட்டுக்குச் சம்மதித்தார்கள். நாலே வருடத்தில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்தது, அதுவும் கோட்டை ஒட்டி, நார்வே பக்கம்! டென்மார்க் அமைச்சர் போதையில் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு வதந்தி இன்றும் உலவுகிறது. எரிச்சலில் கட்டிய கதையாகத்தான் எனக்குப் படுகிறது.

அப்புறம் எவன்சன் கடல் சட்டத்துக்கென்றே அமைச்சரானார். வடக்கே பேரன்ட்ஸ் கடலில் சோவியத்தோடு 1978-இல் செய்த 'சாம்பல் மண்டல' மீன்பிடி ஏற்பாடுதான், அதாவது எல்லை முடிவாகாத பகுதியில் இரு நாடுகளும் மீன் பிடிக்கலாம் என்ற தற்காலிக ஒப்பந்தம்தான், சோவியத்துக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார் என்று அவருக்குக் கெட்ட பெயர் தந்தது. கூட இருந்த உதவியாளர் ஆர்னே டிரெஹோல்ட் 1984-இல் சோவியத் உளவாளி என்று கைதாகி, 20 ஆண்டு தண்டனை பெற்றதும் பழைய சந்தேகங்கள் கிளம்பின. எவன்சன் மேல் வழக்கு எதுவும் இல்லை. 1985 முதல் 1994 வரை, முன்பு வாதாடப் போன அதே ஹேக் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார்.

சாம்பல் மண்டலம் அவ்வளவு மோசமான பேரம் என்றால், பின்னால் வந்த வலதுசாரி அரசுகளும் ஏன் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தன?