ஆய்வேட்டில் வலைப்பதிவை ஏபிஏ முறையில் எப்படிக் குறிப்பிடுவது?

சமர்ப்பிக்க நாலு நாள் இருக்கும்போதுதான் துணைநூற்பட்டியலைத் தொட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான்.

ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை. 2019இல் வந்த அதன் வழிகாட்டி நூலின் ஏழாம் பதிப்பின்படி எழுதியவர் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு மாதம் நாள், பதிவின் தலைப்பு, வலைப்பூவின் பெயர், கடைசியில் இணைய முகவரி. சாய்வெழுத்து வலைப்பூவின் பெயருக்குத்தான், பதிவின் தலைப்புக்கு இல்லை. தலைப்பை அடுத்துச் சதுர அடைப்பில் 'வலைப்பதிவு' என்று போடுவது ஆறாம் பதிப்புப் பழக்கம், விட்டுவிடுங்கள். புனைபெயரில் எழுதுகிறவரா, அதையே போடுங்கள். தமிழ்த் தலைப்புள்ள பதிவின் முகவரியை நகலெடுத்தால் ஒரு 'க'வுக்கே ஒன்பது குறி வந்து பக்கத்தை அடைக்கும்; சுருக்கிய முகவரி வேலை செய்தால் அதையே போடலாம், பதிப்பே அனுமதிக்கிறது.

இதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். நம்மை மாட்டிவிடுவது நம்ம ஊர்ப் பெயர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோயில் கல்வெட்டுகள் பற்றி எழுதிய பதிவுகளை என் மூன்றாம் இயலில் பதினோரு இடத்தில் காட்டியிருந்தேன். வலைப்பூவில் அவர் பெயர், பின்னால் அப்பா பெயர். முருகேசன் கந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருப்பது குடும்பப்பெயர் என்று நினைத்து மேற்கோள் மென்பொருள் 'கந்தசாமி, மு.' என்று திருப்பிவிட்டது. நானும் கவனிக்கவில்லை, நெறியாளரும் கவனிக்கவில்லை. மரியாதைக்கு அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். ராத்திரியே போன்.

"ஏம்மா, எங்கப்பா எப்ப கல்வெட்டைப் பத்தி எழுதினார்? அவருக்குக் கையெழுத்தே போட வராதே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போச்சு. 'முருகேசன், க.' என்று இருந்திருக்க வேண்டும். பட்டியலில் மட்டுமில்லை, இயல் முழுக்க அடைப்புக்குறிக்குள்ளும்.

மென்பொருளைச் சொல்லாதே, நீதான் பார்த்திருக்க வேண்டும் என்று யாராவது வருவீர்கள். சரி, என் தப்புதான். ஆனால் பெயர்க் கட்டத்தில் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று ரெண்டே பெட்டி வைத்தவர்கள் இனிஷியல் போடும் ஒருத்தரையாவது பார்த்திருப்பார்களா?

அப்புறம், ஐந்து பிரதியையும் பிரித்து மறுபடி பைண்டிங். அட்டையில் தங்க எழுத்து வேறு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் பிடிஎஃப் ஏற்றத்தானே போகிறார்கள், இந்தக் கெட்டி அட்டை யாருக்கு? கடைக்காரர் ரெண்டாம் தடவைக்கும் முழுக் காசு வாங்கினார்.