எந்த அனிமேவில் தொடங்குவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நண்பர்கள் எல்லோரும் 'ஒன் பீஸ்' என்ற அனிமேவை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, பார் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 1,100 எபிசோடுக்கு மேல்! அதிலேயே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நல்ல தொடர்தான், 1999-லிருந்து ஓடுகிறது. ஆனால் நீச்சல் தெரியாதவனை நடுக்கடலில் இறக்கிவிட்ட கதையாகிவிடும். முதலில் முடிந்துபோன கதை ஒன்றை எடு. 'டெத் நோட்' 37 எபிசோட்தான். பெயர் எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டு ஒரு கெட்டிக்கார மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைத் தேடி வருபவனும் லேசுப்பட்டவன் இல்லை. 25-ஆவது எபிசோடுக்கு அப்புறம் கொஞ்சம் தொய்வு என்பது என் கருத்து, சண்டைக்கு வராதே. அண்ணன் தம்பி பாசம் வேண்டுமென்றால் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்', 64 எபிசோட். 2003-இல் வந்த பழைய தொடரும் உண்டு. மூலக்கதை முடியும் முன்பே எடுத்ததால் அதன் முடிவு வேறு. நீ 2009-இல் வந்ததைப் பார்.

கேள்வி: 'நருட்டோ' பாதிக்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. எனக்கு மட்டும்தானா?

பதில்: எல்லோருக்கும்தான். மாங்கா, அதாவது மூலமான படக்கதை, வாரத்துக்கு ஒரு அத்தியாயம் வரும். அனிமேவும் வாராவாரம் ஓடும். ஒரு எபிசோட் இரண்டு அத்தியாயத்தை விழுங்கினால் சீக்கிரமே சரக்கு தீர்ந்துவிடும். அடுத்தது வரும்வரை ஸ்டுடியோவே கதை கட்டி ஒப்பேற்றும். அதுதான் ஃபில்லர். நருட்டோவின் 220 எபிசோடில் 136-க்கு மேல் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ரகம். 135 முடிந்ததும் நேரே அதன் அடுத்த தொடரான 'ஷிப்புடென்' போய்விடுங்கள். இப்போது பல தொடர்கள் 12, 13 எபிசோடோடு நிறுத்தி, இடைவெளி விட்டு அடுத்த சீசன் எடுக்கின்றன. தொல்லை குறைவு.

கேள்வி: ஜப்பானிய மொழியில் பார்ப்பதா, டப்பிங்கா?

பதில்: எது கைக்கு எட்டுகிறதோ அது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜப்பானியர்கள் பெயரை மொட்டையாகச் சொல்வது அபூர்வம். 'சான்', 'குன்', 'சென்செய்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். அது உதிரும் நாளில்தான் இருவரும் நெருங்கிவிட்டார்கள் என்று தெரியும். ஆங்கில சப்டைட்டிலில் இது பெரும்பாலும் காணாமல் போகும். தங்கை 'ஓனீச்சான்' என்று கூப்பிடும் இடத்தில் வெறும் பெயரைப் போட்டிருப்பார்கள். தமிழில் 'அண்ணா' என்றால் தீர்ந்தது! 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' 2025-இல் தமிழ் டப்பிங்கோடும் தியேட்டருக்கு வந்ததே, நம் மொழிக்கு இந்த உறவுமுறை நன்றாகவே பொருந்தும்.

கேள்வி: மாங்கா படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. கார்ட்டூன்தானே, எதை வேண்டுமானாலும் காட்டலாமா?

பதில்: ஐயோ, 'அட்டாக் ஆன் டைட்டன்' போட்டுவிடாதீர்கள். முதல் எபிசோடிலேயே ஒரு பையன் கண்முன்னால் அவன் அம்மாவை ராட்சதன் தின்றுவிடும்.

இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தைக் காட்டுங்கள். அதில் ஒரு பஸ் ஸ்டாப். இரவு, மழை. தங்கை முதுகில் தூங்க, அக்கா அப்பாவுக்காகக் காத்து நிற்கிறாள். பக்கத்தில் தலையில் இலையோடு ஒரு பெரிய பிராணி வந்து நிற்கிறது. அவள் அப்பாவின் குடையைக் கொடுக்கிறாள். குடைமேல் சொட்டு விழும் சத்தம் அதற்குப் பிடித்துப்போக, ஒரு குதி குதிக்கிறது. மரத்து நீரெல்லாம் சடசடவென்று கொட்டுகிறது. வில்லன் இல்லை, சண்டை இல்லை. பையன் அசையாமல் பார்ப்பான்.

1988-இல் ஜப்பானில் அதோடு ஜோடியாக வெளியான படம் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. அதே ஸ்டுடியோதான் என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள். அது போரில் அனாதையான அண்ணன் தங்கை கதை. பையன் தூங்கியதும் நீங்கள் பாருங்கள், பக்கத்தில் ஒரு துண்டோடு.