தெருவிளக்கு விலைமனு: மலிவானதே மறுபடியும் முன்னால் நிற்கிறதே?

சூழல்நேயமான விளக்கைக் கேட்டும் மலிவான விலைமனுவே முன்னால் நிற்கிறது என்றால், இந்தச் சுற்றில் ஒன்றும் செய்ய இயலாது. மனுக்களைத் திறந்த பிறகு மதிப்பீட்டு நிபந்தனையை மாற்ற முடியாது. உங்கள் பிரதேச சபை மலிவான விளக்கையே வாங்கும். இல்லையேல் இரத்துச் செய்து மீண்டும் அழைக்க வேண்டும்.

வழுக்கிய இடம் அநேகமாக இதுதான்: "சூழல்நேயமான எல்.ஈ.டி. விளக்குகள் விரும்பத்தக்கவை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிபந்தனை அல்ல, ஆசை. ஆசைக்கு மதிப்பீட்டுக் குழு புள்ளி போடாது. ஒரு வாற்றுக்கு எத்தனை லூமன் (ஒளியின் அளவு), எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுதானதை யார் திருப்பி எடுப்பது என்று எழுதுங்கள். நிலாவெளிக் கடற்கரைக்கு ஐ.பி. 66 என்ற பாதுகாப்புத் தரம் மட்டும் போதாது. அது தூசியையும் நீரையும் பற்றியது, உப்புக்காற்றைப் பற்றியதல்ல. ஐ.எஸ்.ஓ. 9227 உப்புத்தெளிப்புச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டே ஆண்டில் திருகாணிகள் துருவேறி, விளக்கின் மூடி கையோடு கழன்று வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 வாற்றுக்குப் பதில் 60 வாற்று, இரவில் 12 மணிநேரம் என்றால், விளக்கொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 175 அலகு மின்சாரம் மிச்சம். விளக்கின் மின்செலவையும் விலையோடு சேர்த்து ஒப்பிடும் முறையை விலைமனு ஆவணத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்த மின்கட்டணத்தைச் சபைதான் கட்டுகிறதா என்று கணக்காளரிடம் முதலில் கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும்படி விவரக்குறிப்பை இறுக்கினாலோ, கணக்காய்வு உங்களைத்தான் தேடி வரும்.